உலக நடப்பு: அடுப்பைப் பிரித்தால் கடன் தீருமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம் சங்கப் படிப்பகத்தில் இரு அன்பர்களுக்கிடையே நிகழ்ந்த சொற்போரே இம்மாதக் கட்டுரைக்கு வித்தாயிற்று. ஒருவர் கல்லூரியில் பொருளாதாரம் பயிலும் இளைஞர். மற்றவர் நெடுங்காலம் கணக்கு இலாகாவில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர்.

இளைஞர் சொன்னார்: "ஐயா, 2015-இல் கிரேக்க நாடு யூரோ நாணயத்தை விட்டு விலகித் தன் பழைய டிராக்மாவுக்கே திரும்பியிருக்க வேண்டும். பிறர் கையிலுள்ள நாணயத்தில் கடன்பட்டு, பிறர் சொற்படி வயிற்றைக் கட்டி வாழ்வதைவிட, தன் நோட்டைத் தானே அச்சிட்டுக்கொண்டு தலைநிமிர்ந்து வாழ்வது மேல் அல்லவா?"

பெரியவர் புன்முறுவலுடன், "தம்பி, கூட்டுக் குடும்பத்திலே மனக்கசப்பு முற்றினால் அடுப்பைப் பிரித்துக்கொள்வார்கள். அடுப்பைப் பிரித்துவிட்டால் பட்ட கடனும் பிரிந்து போய்விடுமா?" என்றார்.

இருவரும் என் பக்கம் திரும்பினர். உடனே தீர்ப்புக் கூறும் துணிவு எனக்கில்லை. "அடுத்த இதழில் எழுதுகிறேன்" என்று சொல்லித் தப்பினேன். கொடுத்த வாக்கும் ஒரு கடன்தானே? அதை இம்மாதம் தீர்க்க முயல்கிறேன்.

பொதுக் காசு பிறந்த கதை

இருபதாம் நூற்றாண்டில் இரு பெரும் போர்களால் ஒருவரையொருவர் அழித்துக்கொண்ட ஐரோப்பிய நாடுகள், வாணிபத்தால் ஒன்றுபட்டால் இனிப் போர் மூளாது என்று எண்ணின. அந்த எண்ணம் படிப்படியாக வளர்ந்து, ஒரே நாணயம் என்னும் திட்டமாக முதிர்ந்தது. 1992 பிப்ரவரியில் நெதர்லாந்து நாட்டின் மாஸ்டிரிக்ட் நகரில் அதற்கான உடன்படிக்கை கையொப்பமாயிற்று. சேர விரும்பும் நாடுகளுக்குச் சில நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. அவற்றுள் இரண்டு முக்கியமானவை: அரசாங்கத்தின் ஆண்டுப் பற்றாக்குறை, நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் நூற்றுக்கு 3-க்கு மேற்படலாகாது, மொத்தக் கடன் நூற்றுக்கு 60-க்குள் இருத்தல் வேண்டும், அல்லது அதை நோக்கி இறங்கி வருதல் வேண்டும்.

1999 ஜனவரி முதல் நாள் பதினொரு நாடுகள் யூரோவை ஏற்றன. கிரீஸ் சற்றுப் பின்தங்கி, 2001 ஜனவரி முதல் நாள் சேர்ந்தது. 340.75 டிராக்மாவுக்கு ஒரு யூரோ என்று மாற்று விகிதம் வரையறுக்கப்பட்டது. 2002 ஜனவரியில் புதிய நோட்டுகளும் காசுகளும் மக்கள் கைக்கு வந்தன. கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கிரேக்கரிடையே வழங்கிய டிராக்மா என்னும் பெயர் அத்துடன் புழக்கத்தினின்று நீங்கிற்று.

ஆனால், இக்கட்டடத்தின் அடித்தளத்திலேயே ஒரு குறை இருந்தது. நாணயம் பொதுவாயிற்று, கருவூலம் பொதுவாகவில்லை. வட்டி விகிதத்தை பிராங்க்பர்ட் நகரிலுள்ள ஐரோப்பிய மத்திய பாங்கு அனைவருக்கும் ஒன்றாக வகுத்தது. வரி விதிப்பதும் செலவு செய்வதும் கடன் வாங்குவதும் அந்தந்த நாட்டின் பாடு. ஒரே உலை, ஆனால் தனித்தனி அரிசிக் கணக்கு!

மலிவான கடன்

யூரோவில் சேருமுன் கிரீஸ் உயர்ந்த வட்டிக்கே கடன் வாங்க இயன்றது. டிராக்மாவின் மதிப்பு எப்போது சரியுமோ என்ற அச்சம் கடன் கொடுப்போருக்கு இருந்தது. சேர்ந்த பின்னரோ அவர்கள் கிரீசையும் ஜெர்மனியையும் ஏறக்குறைய ஒரே தராசில் நிறுத்தினர். பணக்கார உறவினரின் வீட்டில் குடியேறியவனுக்குக் கடைக்காரர் கேளாமலே கடன் கொடுப்பதில்லையா? அதுபோல, பிரான்சு, ஜெர்மனி முதலிய நாடுகளின் பாங்குகள் கிரேக்க அரசாங்கத்துக்கு மலிவான வட்டியில் கோடி கோடியாகக் கொடுத்தன.

அரசாங்கமும் தயங்காமல் வாங்கிற்று. வரவேண்டிய வரியைச் செவ்வனே வசூலிக்கவில்லை. ஆட்சிக்கு வந்த கட்சிகள் தத்தம் ஆதரவாளருக்கு அரசாங்க வேலைகளை அளித்தன. 2004-இல் ஆதன்ஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் சிறப்பாக நடந்தேறின. அதே ஆண்டில், முந்திய ஆண்டுகளின் பற்றாக்குறைக் கணக்குகள் உண்மையைக் குறைத்துக் காட்டியவை என்பதும் வெளியாயிற்று. எனினும் கடன் வரத்து நிற்கவில்லை. கணக்குப் பொய்யென்று தெரிந்த பின்னும் கொடுத்தவரைக் குற்றமற்றவர் என்று கூற இயலுமா?

2009 அக்டோபரில் ஜார்ஜ் பாபாந்திரேயு தலைமையில் புதிய அரசாங்கம் அமைந்தது. அவ்வாண்டின் பற்றாக்குறை முன்னர்ச் சொல்லப்பட்டதைக் காட்டிலும் மிக அதிகம், நூற்றுக்கு 12-க்கும் மேல் என்று அது அறிவித்தது. பின்னர்த் திருத்திய கணக்கில் அது 15-ஐயும் தாண்டிற்று. கடன் கொடுத்தவர்கள் திடுக்கிட்டுக் கையை மூடிக்கொண்டனர். பழைய கடனைத் தீர்க்கப் புதுக் கடன் கிடைக்காத நாள் வந்துவிட்டது.

இளைக்க மறுத்த நாணயம்

இத்தகைய நெருக்கடி நமக்குப் புதிதன்று. 1991-இல் இந்தியாவின் அந்நியச் செலாவணி இருப்பு சில வாரங்களின் இறக்குமதிக்கே போதுமானதாய்க் குறைந்தது. அவ்வாண்டு ஜூலையில் ரிசர்வ் பாங்கு ஏறத்தாழ 47 டன் பொன்னை அந்நிய நாட்டுக்கு அடகாக அனுப்ப நேர்ந்ததை நம்மிற் பலர் மறந்திருக்க மாட்டோம். அதே மாதம் 1-ஆம் தேதியும் 3-ஆம் தேதியுமாக இரு முறை ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. வெளிநாட்டுப் பொருள் விலை ஏறிற்று; நம் பொருள் வெளிநாட்டில் மலிந்தது. வேதனை இருந்தது, ஆயினும் அது ஓரளவு எல்லோர் மீதும் பரவிற்று. எவர் வீட்டுச் சம்பளத்தையும் அதற்காகப் பாதியாக வெட்டும்படி நேரவில்லை.

கிரீசுக்கு இந்த வழி அடைபட்டிருந்தது. அதன் பையிலிருந்த நாணயம் அதனுடையது மட்டுமன்று. நாணயத்தின் மதிப்பைக் குறைக்க இயலாதெனில், கூலியைக் குறைக்க வேண்டும், ஓய்வூதியத்தைக் குறைக்க வேண்டும், ஆஸ்பத்திரிச் செலவைக் குறைக்க வேண்டும். நாணயம் இளைக்க மறுத்தபோது மனிதர்கள் இளைக்க வேண்டியதாயிற்று.

2010 மே மாதம் யூரோ நாடுகளும் சர்வதேச நிதி நிறுவனமும் சேர்ந்து 11,000 கோடி யூரோ கடன் தர முன்வந்தன. 2012-இல் மேலும் 13,000 கோடிக்கு இரண்டாவது திட்டம் உருவாயிற்று. அவ்வாண்டே தனியார் கடன்காரர்கள் தம் பத்திரங்களின் முக மதிப்பில் பாதிக்கு மேல் விட்டுக்கொடுக்கும்படி ஆயிற்று. இவ்வளவு பணமும் கிரேக்க மக்களின் இல்லங்களைச் சென்றடைந்தது என்று எண்ணுதல் பிழை. பெரும்பகுதி பழைய கடனையும் வட்டியையும் தீர்க்கவும் பாங்குகளைத் தூக்கி நிறுத்தவுமே சென்றது. இதற்கிடையில் நாட்டின் உற்பத்தி ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு சுருங்கிற்று. 2013-இல் உழைக்க வல்லார் நூற்றுவரில் 27 பேருக்கு வேலை இல்லை. இளைஞரிலோ பாதிக்கு மேற்பட்டோர் வேலையற்றிருந்தனர். போர் மூளாத காலத்தில் ஒரு வளர்ந்த நாடு இத்தகைய வீழ்ச்சியைக் காண்பது அரிது.

பாங்கு வாசலில் நின்றவர்கள்

2015 ஜனவரித் தேர்தலில், இச்சிக்கனத் திட்டங்களை எதிர்த்த சிரிசா கட்சி வென்றது. அலெக்சிஸ் சிப்ராஸ் பிரதம மந்திரியானார். ஐந்து மாதப் பேச்சுவார்த்தை முறிந்தது. ஜூன் 27-ஆம் தேதி விடியற்காலையில், கடன் கொடுத்தோரின் நிபந்தனைகளை ஏற்பதா வேண்டாமா என்று மக்களையே கேட்கப் போவதாக அவர் அறிவித்தார். மறுநாள், கிரேக்க பாங்குகளுக்கு அளித்துவந்த அவசர உதவியை மேலும் உயர்த்துவதில்லை என்று ஐரோப்பிய மத்திய பாங்கு முடிவு செய்தது. 29-ஆம் தேதி நாடு முழுவதும் பாங்குகளின் கதவுகள் மூடப்பட்டன. ஏ.டி.எம். இயந்திரத்தில் ஒருவர் நாளொன்றுக்கு 60 யூரோ மட்டுமே எடுக்கலாம் என்று வரையறை வந்தது. 30-ஆம் தேதி சர்வதேச நிதி நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டிய 150 கோடி யூரோவுக்கும் மேற்பட்ட தவணை தவறிற்று. வளர்ந்த நாடு ஒன்று அந்நிறுவனத்துக்குத் தவணை தவறியது அதுவே முதல் தடவை.

ஓய்வூதியம் பெறும் முதியோர் பலரிடம் ஏ.டி.எம். அட்டை இல்லை. அவர்களுக்காகச் சில கிளைகள் மட்டும் திறக்கப்பட்டன. ஒருவருக்கு 120 யூரோ. தெசலோனிக்கி நகரில் அவ்வாறு பாங்கு பாங்காக அலைந்து, பணம் கிடைக்காமல், வாசற்படியருகே தரையில் அமர்ந்து கண்ணீர் வடித்த முதியவர் ஒருவரின் புகைப்படம் உலகெங்கும் பத்திரிகைகளில் வெளிவந்தது. அரசாங்கம் கடன் பத்திரம் விற்றபோது அவரை யாரும் கலந்து ஆலோசிக்கவில்லை. கணக்கைத் திரித்தவர் அவர் அல்லர். ஆராயாமல் கொடுத்தவரும் அவர் அல்லர். ஆயினும் கடன் சுமை அவர் மடியில் வந்து விழுந்தது.

ஜூலை 5-ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு 61 பேர் "வேண்டாம்" என்றனர். அடுத்து யூரோவை விட்டு விலகுவதே மிச்சம் என்று உலகம் எதிர்பார்த்தது. ஜெர்மன் நிதி இலாகா, கிரீஸ் குறைந்தது ஐந்தாண்டுக் காலம் யூரோவினின்று விலகியிருக்கலாம் என்னும் யோசனையையே எழுத்தில் வெளியிட்டது. ஆயினும் ஜூலை 12 மாலை தொடங்கி இரவெல்லாம் நீடித்து 13 காலையில் முடிந்த மாநாட்டில், மக்கள் மறுத்தவற்றைக் காட்டிலும் கடுமையான நிபந்தனைகளுக்கு சிப்ராஸ் இணங்கினார். அதற்கு ஈடாக 8,600 கோடி யூரோ வரையில் மூன்றாவது கடன் திட்டம் உருவாயிற்று.

விலகியிருந்தால்?

நம் இளைஞர் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். விலகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

முதலாவது, விலகும் வழியே உடன்படிக்கையில் வகுக்கப்படவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டே வெளியேற விதி உண்டு. யூரோவை மட்டும் விட்டு வெளியேற விதி இல்லை. இரண்டாவது, புதிய நாணயம் வெளிவந்த உடனே மதிப்புச் சரியும் என்பதை அறிந்த மக்கள், அதற்கு முன்பே பாங்கிலுள்ள யூரோவை எடுத்துவிட முயல்வர். செல்வந்தர் வெளிநாட்டுக்கு என்றோ அனுப்பியிருப்பர். கையகலச் சேமிப்பு உள்ளவனே டிராக்மாவில் மாட்டிக்கொள்வான். மூன்றாவது, எண்ணெய், மருந்து முதலியவற்றை வெளியிலிருந்து வாங்கும் நாடு கிரீஸ். அவற்றின் விலை ஒரே வாரத்தில் ஏறியிருக்கும்.

நான்காவதுதான் நம் பெரியவர் சொன்னது. பழைய கடன் யூரோவில் பட்ட கடன். 2012-இல் மாற்றிக் கொடுத்த பத்திரங்கள் இங்கிலாந்துச் சட்டப்படி எழுதப்பட்டவை. கிரேக்கப் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றி அவற்றை டிராக்மாவாக மாற்றிவிட முடியாது. வருமானம் இளைத்த நாணயத்தில், கடனோ கொழுத்த நாணயத்தில் என்றால், சுமை குறையுமா, கூடுமா? கடனைத் தரமாட்டேன் என்று துணிந்து சொன்னாலன்றி அடுப்பைப் பிரிப்பதால் பயனில்லை.

துணிந்து சொன்ன நாடும் உண்டு. தென் அமெரிக்காவிலுள்ள அர்ஜென்டினா, 1991 முதல் தன் பெசோவை அமெரிக்க டாலருடன் ஒன்றுக்கு ஒன்று என்று கட்டி வைத்திருந்தது. 2001 டிசம்பரில் பாங்குகளில் பணம் எடுக்கக் கட்டுப்பாடு, கலவரம், கடன் தவணை தவறல். 2002 ஜனவரியில் அந்தக் கட்டையும் அவிழ்த்தது. அவ்வாண்டு மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வறுமைக் கோட்டுக்குக் கீழே வீழ்ந்தனர். ஆயினும் 2003 முதல் சில ஆண்டுகள் நாடு விரைவாக மீண்டெழுந்தது. எனவே இளைஞர் கூற்றை அறவே தள்ளிவிடவும் இயலாது. கிரீசிலும் சுற்றுலாவும் ஏற்றுமதியும் புதிய நாணயத்தால் தழைத்திருக்கக்கூடும். ஆனால் அர்ஜென்டினாவுக்குத் தன் நோட்டு கையில் இருந்தது. கிரீசோ நோட்டை அச்சிடுவதிலிருந்தே தொடங்க வேண்டும்.

அமைதியாக விலகியவர்களும் உண்டு. பாரசீக வளைகுடா நாடுகளில் ஒரு காலத்தில் நம் ரூபாயே வழங்கிற்று. 1959-இல் அவற்றுக்கென ரிசர்வ் பாங்கு தனி நோட்டே வெளியிட்டது. 1961-இல் குவைத்தும், 1965-இல் பஹ்ரைனும் தத்தம் தினாரை ஏற்படுத்திக்கொண்டன. 1966 ஜூன் 6-ஆம் தேதி ரூபாயின் மதிப்பு வெட்டப்பட்டதும் மற்றவையும் விலகலாயின. அவற்றின் நிலத்தடியில் எண்ணெய் இருந்தது. ஆகவே வலிவுள்ளவன் பாகம் பிரிவது வேறு, கடனாளி பிரிவது வேறு.

மன்னிப்பும் ஒரு பொருளாதாரம்

மற்றொன்றும் கூறுதல் வேண்டும். 1953-இல் இலண்டன் நகரில் நடந்த உடன்படிக்கையால், போரில் தோற்ற மேற்கு ஜெர்மனியின் பழைய கடனில் ஏறத்தாழப் பாதி தள்ளுபடியாயிற்று. மீதியையும் ஏற்றுமதி வருவாய்க்கேற்பச் செலுத்தச் சலுகை கிடைத்தது. அன்று சலுகை அளித்த நாடுகளுள் கிரீசும் ஒன்று! பின்னர் ஜெர்மனி அடைந்த செழிப்புக்கு அதுவும் ஒரு காரணம் என்பர். கடனாளி உழைத்துப் பிழைத்தால்தான் கடன் திரும்பும் என்னும் உண்மையை வட்டிக்கு விடுவோர் மறக்கலாம், நாடுகள் மறக்கலாகாது.

2018 ஆகஸ்டு 20-ஆம் தேதி கிரீசின் மூன்றாவது கடன் திட்டம் முடிவுற்றது. 2019 செப்டம்பரில் பணம் வெளியேறுவதற்கிருந்த கட்டுப்பாடுகள் முற்றும் நீங்கின. சர்வதேச நிதி நிறுவனத்தின் கடனை 2022-இல் தவணைக்கு முன்பே தீர்த்தது. 2020-இல் நாட்டு உற்பத்தியைப் போல இரு மடங்குக்கு மேலிருந்த கடன், பின்வந்த ஆண்டுகளில் விரைந்து இறங்கியிருக்கிறது. கிரீஸ் இன்றும் யூரோவில் இருக்கிறது.

ஆயினும் ஏட்டில் வாராத ஒரு செலவு உண்டு. அந்த ஆண்டுகளில் மருத்துவர், பொறியாளர் உட்பட இலட்சக்கணக்கான இளைஞர் பிழைப்பு நாடி ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் பிற நாடுகளுக்கும் சென்றனர். பண்டிகை நாளில் பெற்றோர் தனித்து உண்பதும், பேரக் குழந்தை பாட்டியின் மொழியைத் தட்டுத் தடுமாறிப் பேசுவதும் எத்தகையவை என்பதை, ஊரை விட்டு வந்து இங்கே சங்கம் அமைத்து மாதப் பத்திரிகை நடத்தும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

நம் ரூபாயும் ஒரு பொது நாணயமே. ஆனால் நம் ராஜ்யங்களுக்குப் பின்னால் ஒரு பொதுக் கருவூலம் நிற்கிறது. மத்திய வரியில் ராஜ்யங்களுக்கு உரிய பங்கை வரையறுக்க, அரசியல் சட்டத்தின் 280-ஆம் விதிப்படி நிதிக் கமிஷன் அமைகிறது. மத்திய சர்க்காருக்குக் கடன்பட்ட ராஜ்யம் அதன் சம்மதமின்றிப் புதுக் கடன் வாங்க 293-ஆம் விதி இடம் கொடுப்பதில்லை. பங்கீட்டில் எவ்வளவு பெற வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று ராஜ்யங்கள் பூசலிடுவதைப் பத்திரிகைகளில் நாள்தோறும் காண்கிறோம். அப்பூசல் நிகழ ஒரு மன்றம் இருப்பதே நம் பேறு. கிரீசுக்கு அத்தகைய மன்றம் இருக்கவில்லை. கடன் கொடுத்தோரின் மேஜை மட்டுமே இருந்தது.

இக்கட்டுரையின் கைப்பிரதியைச் சென்ற ஞாயிறன்று அவ்விருவருக்கும் படித்துக் காட்டினேன். பெரியவர் சற்று நேரம் பேசாதிருந்து, "அடுப்பைப் பிரிக்கலாமா என்று பிறகு கேட்பதைவிட, சேர்க்கும் நாளிலேயே பெட்டிச் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டிருக்க வேண்டும்" என்றார். இளைஞர் உடனே, "சரி ஐயா. ஆனால் சாவி வைத்திருப்பவர், பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவரின் இலையையும் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டார்.

இவ்விரண்டு கூற்றுக்கும் மேலாக என்னிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மாறுபட்ட கருத்துடைய அன்பர்கள் எழுதினால், அடுத்த இதழில் மகிழ்ச்சியுடன் எடுத்துக்கொள்வோம்.